இரண்டு போருக்கு நடுவே

சுரங்கத்தில் வேலை என்று ஊரில் சொன்னால் அடுத்த கேள்வி “நெய்வேலியா?” என்றுதான் வரும். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை அள்ளி ஒதுக்கிவிட்டு, வானம் பார்க்கப் பழுப்பு நிலக்கரி எடுக்கிற இடம். நான் இருந்தது மேற்கு வங்காளத்தில், ஆசன்சோல் பக்கம், ராணிகஞ்ச் நிலக்கரி வயலில். தரைக்கு 180 மீட்டர் கீழே போய், தலைக்கு மேல் நிற்கிற பாறையை நம்பி வேலை பார்க்க வேண்டும். நிலவியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு 1990களின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். சுரங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொல்லப்போவதில் பாதிக்கு மேல் என்னுடைய தப்புதான்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்குக் கீழே கரி எடுக்கிற முறைகளில் நம் நாட்டில் அதிகம் புழங்குவது தூண் விட்டு வெட்டுவது. கரிப் படுகைக்குள் கேலரி கேலரியாக, அதாவது சுரங்கப்பாதைகளாக, நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டிக்கொண்டே போவார்கள். மேலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். கோடுகள் கேலரி, கட்டங்கள் தூண். வேலையின் இந்த முதல் நிலைக்குத்தான் டெவலப்மென்ட் என்று பெயர். இதில் வெளியே வருவது மொத்தக் கரியில் 20 முதல் 30 சதவீதம்தான். மீதி எல்லாம் தூணிலேயே நிற்கும். பிற்பாடு அந்தத் தூண்களையும் வெட்டிக்கொண்டு, கூரையை விழவிட்டுப் பின்வாங்குவார்கள். கேலரி 4.8 மீட்டருக்கு மேல் அகலமோ 3 மீட்டருக்கு மேல் உயரமோ இருக்கக் கூடாது, ஆழம் கூடக்கூடத் தூணும் பருக்க வேண்டும் என்று நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகளில் அட்டவணை போட்டே வைத்திருக்கிறார்கள். எந்தத் திசையில் கேலரி ஓட்டுவது, எங்கே நிறுத்துவது, முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டியவன் நிலவியலாளன். அதாவது நான்.

போன முதல் மாதம் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து நிலவியல் அறிக்கையைப் படித்தேன். நல்ல தடிமனான அறிக்கை. அதில் ‘நிரூபிக்கப்பட்ட இருப்பு’ என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது. போர், அதாவது கரி இருக்கிறதா என்று பார்க்க மேலிருந்து போடுகிற ஆழ்துளை, போட்ட இடத்திலிருந்து 200 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் அந்தக் கரி நிரூபிக்கப்பட்டது என்பது அப்போதைய கணக்கு. நிரூபிக்கப்பட்டது கரியின் அளவு மட்டும்தான். கூரை எப்படி இருக்கும், நடுவில் பாறை முறிந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் கிடையாது. எங்கள் பகுதியில் இரண்டு போர்களுக்கு இடையே 350 மீட்டர் இருந்தது. ஒரு போர் துளையின் அகலம் கை முஷ்டி அளவு. தெருவின் இந்தக் கோடியில் ஒரு குத்து, அந்தக் கோடியில் ஒரு குத்து. அதை வைத்து நடுவில் எத்தனை வீடு என்று சொல்வது மாதிரிதான்.

ஆனாலும் போரில் வந்த கல்லை, அதாவது கோரை, ஒழுங்காகப் பார்த்தால் நிறையச் சொல்லும். மரப்பெட்டியில் மீட்டர் மீட்டராக அடுக்கி வைத்திருப்பார்கள். புதிதாக வருபவர்கள் பெட்டியில் இருக்கிற கல்லைப் பார்ப்பார்கள். நான் இப்போது சொல்வேன்: பெட்டியில் இல்லாததைப் பாருங்கள். 3 மீட்டர் துளைத்து 2.2 மீட்டர்தான் மேலே வந்திருந்தால், காணாமல்போன அந்த 80 சென்டிமீட்டர்தான் பலவீனமான பாறை. கெட்டியான மணற்கல் முழுசாக வந்துவிடும். நொறுங்குகிற ஷேல், அதாவது களிமண் இறுகி ஏடு ஏடாக உண்டான பாறை, துளையிலேயே அரைந்து தண்ணீரோடு போய்விடும். அந்தக் காலி இடம் படுகைக்கு நேர் மேலே இருந்தால், நீங்கள் நிற்கப்போவது அதற்குக் கீழேதான்.

இன்னொன்றும் அந்தப் பெட்டிகளிலிருந்து கற்றது. கோர் கொட்டகையில் இடமில்லாமல் சில பெட்டிகளை வராந்தாவில் வைத்திருந்தோம். ஜூன் கடைசியில் மழை பிடித்தது. சாரல் அடித்த பெட்டியில் இருந்த சாம்பல்நிற ஷேல் ஒரே வாரத்தில் அப்பளம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து, அடுத்த வாரம் சேறாகிவிட்டது. கம்பெனிச் சொத்து போச்சே என்று ஸ்டோர்காரர் புலம்பினார். எனக்கு அப்போது உறைக்கவில்லை. மழைக்காலத்தில் மேலே இருக்கிற ஈரக்காற்றைத்தான் விசிறி இழுத்துக் கீழே தள்ளுகிறது. குளிர்ந்த கூரையில் அது பட்டு வியர்க்கும். பெட்டியில் ஒரு வாரத்தில் நடந்தது கூரையில் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மழைக்காலத்தில் காற்று உள்ளே வரும் வழிகளில் கூரை உதிர்வது ஏன் அதிகம் என்று அதன் பிறகு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கூரைக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று நம் நாட்டுச் சுரங்கங்களில் உண்டு. நூற்றுக்கு எத்தனை என்று வரும். 40க்குக் கீழே போனால் மோசம், 60க்கு மேல் என்றால் நல்ல கூரை. ஐந்து விஷயங்களைப் பார்த்து மார்க் போடுவார்கள். படிக்கிற காலத்தில் பாறை என்றால் அதன் பலம்தான் முக்கியம் என்று நினைத்திருந்தேன். இந்தக் கணக்கில் பலத்துக்கு 15 மார்க்தான். அடுக்குகளின் தடிமனுக்கு 30, பிளவுகளுக்கும் வழுக்கல்களுக்கும் 25, ஈரத்தில் கரைகிற குணத்துக்கு 20, நீர்க்கசிவுக்கு 10. எவ்வளவு கெட்டிப் பாறையாக இருந்தாலும் அது மெல்லிய ஏடுகளாக, குறுக்கே வெட்டுப்பட்டுக் கிடந்தால் நிற்காது. சீட்டுக்கட்டை இரண்டு மேசைக்கு நடுவே பாலமாக வைத்துப் பாருங்கள், புரியும்.

இது தொடர்பாக ஒரு சின்ன விஷயம். ராணிகஞ்ச் படுகைகள் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுக்கு முந்தையவை. தென்பகுதிக் கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்டுவானா காலத்துச் சதுப்புக்காடு. கூரையில் கேப் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் குளோசாப்டெரிஸ் இலைகள் நரம்பு நரம்பாகத் தெரியும், மாவிலை கோலத்தில் பதித்த மாதிரி. முதல் முறை பார்த்தபோது சிலிர்த்துப் போய் அதற்குக் கீழேயே நின்று படம் வரைந்துகொண்டிருந்தேன். சர்தார் வந்து முழங்கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினார். இலை அவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது என்றால் அதற்குக் கீழே இருந்த ஏடு ஏற்கெனவே கழன்று விழுந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஏடும் அதே மாதிரி இலைமேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சர்தார் என்றால் சீக்கியர் இல்லை. மைனிங் சர்தார் என்பது பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய பொறுப்பு. தன் பகுதியின் கூரை, காற்று, வாயு எல்லாம் பார்த்து ஆளை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் அவர் கையில். எங்கள் பகுதிச் சர்தாரை எல்லாரும் சாச்சா, அதாவது சித்தப்பா, என்பார்கள், நானும் அப்படித்தான். பீகாரிலிருந்து வந்து, 30 வருடம் அடியிலேயே கழித்தவர். கையில் இரும்புப் பூண் போட்ட தடி ஒன்று இருக்கும். நடந்துகொண்டே கூரையைத் தட்டுவார். மண்பானை வாங்கும்போது நம்மூர்ப் பெண்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அதே காதுதான். கணீரென்றால் சரி. பொத்தென்று கேட்டால், ஒரு கையைக் கூரையில் வைத்துக்கொண்டு மறு கையால் தட்டுவார். உள்ளே பிரிந்திருந்தால் அதிர்வு விரல்நுனிக்கு வரும். எனக்கு அந்த அதிர்வு பிடிபட எட்டு மாதம் ஆனது.

அந்த ஆகஸ்டில் கிழக்கு லெவலில் ஒரு கேலரி ஓடிக்கொண்டிருந்தது. படுகை 3.6 மீட்டர். கூரை ஷேல் என்பதால் மேலே அரை மீட்டர் கரியைக் கூரையாக விட்டுவிட்டு 2.8 மீட்டர் உயரத்துக்கு வெட்டினோம். கரியைக் கூரையாக விடுவது வீண் இல்லை. ஈரக்காற்று ஷேலைத் தொடாமல் அது மூடிக்கொள்ளும். வரைபடப்படி அருகில் ஃபால்ட் எதுவும் இல்லை. பாறை முறிந்து ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக நகர்ந்திருந்தால் அது ஃபால்ட். ‘நிரூபிக்கப்பட்ட’ பகுதி வேறு. நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் முதல் ஷிப்டில் சாச்சா கூப்பிட்டார். “சாப், தண்ணி திரும்பிப் போகுது, பாருங்க.”

பார்த்தேன். லெவல் கேலரியை வெளிப்பக்கம் லேசான சரிவு இருக்கும்படிதான் ஓட்டுவார்கள், கசிகிற தண்ணீர் தானாக வெளியே வடிந்துவிட. கடைசி பத்து மீட்டரில் தண்ணீர் எதிர்ப்பக்கமாக, வெட்டுமுகத்தை நோக்கி ஓடி அங்கே கணுக்கால் அளவு தேங்கியிருந்தது. “கரியும் சரியில்ல சாப். துளை போடறவன் கை வலிக்கலன்னு சந்தோஷப்படறான். நமக்கு அது நல்லதில்ல.” சுவரிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது, மேலே மெல்லிய கீறல்கள் ஒரே திசையில். விரலால் அழுத்தினால் பொடிந்தது. கூரையில் சொட்டு.

நோட்டில் எழுதினேன்: “சிறிய ஸ்லிப் (வழுக்கல்). அடுத்த வார மேப்பிங்கில் பார்க்கலாம்.” அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்றால் படுகை முன்னால் கீழே வளைகிறது. கரி பொடிகிறது என்றால் ஏதோ அதை அரைத்திருக்கிறது. கண்ணாடிப் பளபளப்பு என்றால் பாறை பாறைமேல் வழுக்கியிருக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தும் ஏன் சேர்த்துப் படிக்கவில்லை? வரைபடத்தில் கோடு இல்லை, அதனால்தான்.

சாச்சா எனக்காகக் காத்திருக்கவில்லை. கேலரி கிளைபிரியும் ஜங்ஷனை அன்று மாலையே கட்டையைக் குறுக்கே கட்டி அடைத்துவிட்டு, லோடர் மெஷினையும் பின்னால் இழுக்கச் சொல்லிவிட்டார். உற்பத்தி போகிறதே என்று அடுத்த ஷிப்டில் சத்தம் வந்திருக்கிறது. அதை அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் இரவு, 12 மணி ஷிப்ட் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஜங்ஷன் விழுந்தது. காற்று அடித்துத் தூசி நூறு மீட்டர் வந்ததாம். ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

காலையில் போய்ப் பார்த்தேன். ஐந்து மீட்டர் உயரத்துக்கு இருட்டு ஓட்டை. கீழே குவியலில், நான் மறக்கவே முடியாதது, கூரை போல்ட்டுகள், கூரைக்குள் துளைத்துச் செருகி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கிற இரும்புக் கம்பிகள். ஒன்றுகூட வளையவில்லை, அறுபடவில்லை. தட்டும் நட்டுமாக, 1.5 மீட்டர் நீளத்துக்கும் கல்லை இறுகக் கவ்வியபடி, அந்தக் கல்லோடு சேர்ந்தே விழுந்துகிடந்தன. போல்ட்டில் குறை இல்லை. இரண்டு வழுக்கல் தளங்கள் சாய்ந்து மேலே போய் ஒன்றையொன்று சந்தித்து, தலைகீழ் ஆப்பு மாதிரி ஒரு பெரிய பாளத்தை ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தன. 1.5 மீட்டர் போல்ட் முழுவதும் அந்தப் பாளத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. விழப்போகிற கல்லை விழப்போகிற கல்லோடேயே தைத்திருக்கிறோம். அதனால், போல்ட் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்பு அதன் நுனி எந்தப் பாறையில் போய் நிற்கிறது என்று கேளுங்கள். ஜங்ஷன் என்றால் இரண்டு மடங்கு கேளுங்கள். 4.2 மீட்டர் கேலரி இரண்டு குறுக்கே வெட்டிக்கொண்டால் மூலைக்கு மூலை 6 மீட்டர். மூலை உதிர்ந்தால் இன்னும் கூடும்.

கல்லை அள்ளி, இரும்பு கர்டர் கொடுத்து, மறுபடி முன்னேற ஒரு மாதம் பிடித்தது. நினைத்த மாதிரியே முன்னால் ஃபால்ட் வந்தது. வெட்டுமுகம் முழுக்க ஷேல், கரியைக் காணோம். மேலே போயிற்றா, கீழே போயிற்றா? இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கோண்டுவானா படுகைகளில் ஃபால்ட்டுகள் பெரும்பாலும் சறுக்கு வகை; சாய்ந்த தளத்துக்கு மேலே இருக்கிற பக்கம் கீழே இறங்கியிருக்கும். அதனால் முன்னேறிப் போகும்போது முறிவுத்தளம் முதலில் கூரையில் தட்டுப்பட்டால், முன்னால் கரி கீழே. முதலில் தரையில் தட்டுப்பட்டால், கரி மேலே. எங்களுக்குக் கூரையில்தான் தட்டுப்பட்டது.

எவ்வளவு கீழே என்பதற்குத்தான் மறுபடி கோர் பெட்டி. படுகையின் தலையிலிருந்து 4 மீட்டர் மேலே, ஒரு சாண் தடிமனில் அழுக்குக் கரிப் பட்டை ஒன்று இரண்டு போரிலும் பதிவாகியிருந்தது. அதற்கு எந்த வியாபார மதிப்பும் இல்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை. வெட்டுமுகத்தில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அதே பட்டை நின்றது. கூட்டிக் கழித்தால் இறக்கம் 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆறு மீட்டர் முறிவு எப்படி அறிக்கையில் தப்பியது? எங்கள் படுகை பத்துக்கு ஒன்று சரிவு. 350 மீட்டரில் 35 மீட்டர் இறங்க வேண்டியது 41 மீட்டர் இறங்கியிருந்தது. வரைந்தவர் சரிவு கொஞ்சம் கூட என்று எடுத்துக்கொண்டார். முறிவு சரிவுக்குள் கரைந்துபோனது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இறக்கம் படுகையின் தடிமனைவிடக் குறைவு என்றால் கேலரியைக் கொஞ்சம் தாழ்த்திக் கரியோடேயே போய்விடலாம். இது கூடுதல். கல்லை வெட்டித்தான் இறங்க வேண்டும், கரி விலைக்குக் கல் வெட்டுவது கட்டுப்படியாகாது. மேனேஜர் நான்கு கேலரிகளில் இரண்டை மட்டும் கடக்கவிட்டார். அவையும் முறிவுக்கு நேர்குறுக்காக, அகலத்தைக் குறைத்து, முறிவுக்குப் பக்கத்தில் ஜங்ஷன் ஏதும் போடாமல். குறுக்கே கடந்தால் கெட்ட கூரைக்குக் கீழே நான்கைந்து மீட்டர்தான். சாய்வாகப் போனால் அதே கூரை தலைமேல் கூடவே வரும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் ராணிகஞ்சைப் பற்றிப் பேச முடியாது. 1774லேயே அங்கே கரி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ரவீந்திரநாத் தாகூரின் தாத்தா துவாரகநாத் 1836ல் ராணிகஞ்சில் சுரங்கம் வாங்கியவர். தேசியமயமாகும் 1973 வரை எத்தனையோ முதலாளிகள் வெட்டி, விட்டுவிட்டுப் போன குழிகள் தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. பழைய வரைபடங்களில் கோடு ஓரிடம், குழி ஓரிடம். 1989 நவம்பரில் மகாவீர் சுரங்கத்தில் மேலிருந்த பழைய குழியின் தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கியபோது 71 பேர் மாட்டிக்கொண்டார்கள். மேலிருந்து துளை போட்டு, இரும்புக் கூண்டு செய்து இறக்கி, சுரங்கப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தானே உள்ளே போய் 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்த காலத்தில் கேன்டீனில் வேறு பேச்சே கிடையாது.

தண்ணீர் நிற்கிற பழைய குழிக்கு 60 மீட்டர் எட்டத்தில் வந்துவிட்டாலே அனுமதி வாங்கி, முன்னும் பக்கவாட்டிலும் துளை போட்டுப் பார்த்துத்தான் நகர வேண்டும். துளைக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எல்லாத் துளையும் காய்ந்தே வரும். எங்களிடம் ஒரு துளை, வரைபடப்படி இன்னும் 20 மீட்டர் பாக்கி இருக்கும்போதே பீய்ச்சியடித்தது. சாச்சா உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்தார். அழுகிய முட்டை வாடை. பாறையில் கசிகிற தண்ணீருக்கு அந்த வாடை வராது. வருடக்கணக்காகத் தேங்கிய குழித் தண்ணீருக்குத்தான் வரும். துளை வாயில் ஏற்கெனவே குழாயும் வால்வும் மாட்டியிருந்ததால் மூட முடிந்தது. மாட்டாமல் துளைத்திருந்தால் அடைப்பது யார்?

சுரங்க வரைபடத்தில் ஊகித்த ஃபால்ட்டைப் புள்ளிக்கோடாகவும், நேரில் பார்த்ததை முழுக்கோடாகவும் வரைவது வழக்கம். அந்தக் கிழக்கு லெவல் முறிவை நான்தான் மையில் போட்டேன், முழுக்கோடு. ஆவணத்தில் அதற்கு ஒரு நம்பர் உண்டு. ஷிப்ட் மாறும்போது விளக்கறை வாசலில் ஆட்கள் அதைச் சொல்வது வேறு பெயரில்: “சாச்சாவாலா ஃபால்ட் பக்கம் இன்னிக்கு யாரு?” வரைபடத்திலும் அப்படியே எழுதிவிடலாமா என்று ஒரு தடவை சர்வேயரிடம் கேட்டேன். நம்பர் மட்டும்தான் எழுதணும் என்றார்.